பாய்லர் சாமிக்குப் பெண் பூசாரி ஆகாதாம்

முதலில் பத்திரிகை ஆசிரியரிடம் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே சரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்று இன்றைக்கும் குழப்பம். மார்பு, இடுப்பு, கை நீளம் என்று அளவு எழுதிப் பழகிய கை இது. ஒரு பக்கம் முழுக்க எழுதியது கிடையாது. தப்பு இருந்தால் அச்சுக்குப் போகும்முன் திருத்திக்கொள்ளுங்கள். கோபமாக இருக்கும் இடங்களை மட்டும் திருத்த வேண்டாம். அவை தெரிந்தே எழுதியவை.

1

அயர்லாந்தில் கார்க் என்ற ஊரில் இருக்கிறேன். தையற்காரன். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் மந்தைவெளியில் வீடு, தி. நகரில் வேலை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுக்கத் தெரியாது. என் மகள் அமுதா எழுதியதை அடையாறில் ஒரு மாடி ஹாலில் வேறொரு பையன் படித்தான். அவளும் அங்கேதான் இருந்தாள். பெண் என்பதால் அவளைப் படிக்க விடவில்லை. விடாதவர்கள் யாரும் சாமியார்கள் இல்லை. கடவுள் இல்லை, சடங்கு இல்லை என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற படித்த பையன்கள். அதற்கு நானும் உடந்தை. போன வருடம் மார்கழியில் நடந்தது. இதோ அடுத்த மார்கழி வரப்போகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

2

என் மனைவி வசந்தா நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்குத்தான். அவள் முன்னால் வந்தாள். நான் பின்னால் 'சார்ந்திருப்பவர்' என்று வந்தேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நான் டிக் போட்டபோது என் அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தான்.

"இன்னாடா, பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கினு பிளேன் ஏறப் போறியா?" என்றான்.

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

இங்கே வந்து குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அந்த அதிகாரி எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார். எங்கே வேலை, எவ்வளவு நாள் ஒப்பந்தம், எந்த ஆஸ்பத்திரி. வசந்தா பதில் சொல்வாள். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டு, அடுத்த கேள்வியை மறுபடி என்னிடம் கேட்பார். வேலை அவளுக்கு, விசா அவளுக்கு, கேள்வி மட்டும் எனக்கு. வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப முன்னேறியவர்கள் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. மே மாதம் வந்தால் சின்னப் பெண்களுக்கு மாதாகோயில் விழாவுக்கான வெள்ளைக் கவுன். சேர்ந்த புதிதில் ஒரு அம்மாளிடம், பேன்ட்டின் கீழ்மடிப்பைப் பிரிக்க வேண்டும் என்று சொல்ல நினைத்து, 'உங்கள் பேன்ட்டைத் திறக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் காது வரை சுட்டது. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கேட்டதைச் செய்வேன். தலையை ஆட்டுவேன். ஊரிலேயே வாய் திறக்காதவன், இங்கே சுத்தமாக மூடிக்கொண்டேன்.

3

அமுதா இங்கே பிறந்தவள். அவள் படித்த பள்ளிக்கூடம் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். வகுப்பு முழுக்க ஜெபம் கற்றுக்கொள்ளும்போது இவளும் இன்னொரு பையனும் பின்வரிசையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடிக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க யானை, மீன், வீடு என்று வண்ணம் அடித்தாள். வீட்டுக்கு வந்தால் வசந்தா வைத்திருக்கிற முருகன் படம். இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, சாமி இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அப்புறம் ஏன் கும்பிடுற?"

"பழக்கம்."

பதின்மூன்று வயதில், தான் கும்பிடப் போவதில்லை என்று சொல்லிவிட்டாள். சண்டை போட்டுச் சொல்லவில்லை. முட்டை சாப்பிடமாட்டேன் என்பது மாதிரி சொன்னாள். வசந்தாவுக்குத்தான் வலித்தது. "தினம் சாவைப் பாத்துட்டு வரேன். எனக்குக் கைகூப்ப ஒரு இடம் வேணும். உனக்கு வேணான்னா விடு" என்றாள். அத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தி கும்பிடுவாள், ஒருத்தி கும்பிடமாட்டாள், ஒருவன் பழக்கத்துக்குக் கும்பிடுவான். யாரும் யாரையும் கேலி செய்வதில்லை.

கடவுள் இல்லை என்பவர்களை எனக்கு முன்பே தெரியும். தி. நகரில் நான் வேலை செய்த பிளவுஸ் கடையின் முதலாளியே கட்டிங் மாஸ்டர். எப்போதும் கறுப்புச் சட்டை. ஆயுத பூஜைக்கு யாராவது மெஷினுக்குக் குங்குமம் வைத்தால் துடைத்துவிடுவார். "எண்ணெய் போடு, ஓடும். பொட்டு வெச்சா ஓடுமா?" என்பார். நல்ல பேச்சு. மனிதன் எல்லாரும் சமம் என்று அவர் சொல்லச் சொல்ல எட்டு மெஷின்காரர்களும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்போம்.

அவருடைய மனைவி வீட்டிலிருந்தபடி கடைக்கு எல்லா ஊக்கும் வைப்பார், ஹெம்மிங் செய்வார். மூட்டை மூட்டையாகப் போகும், வரும். ஒரு நாள் அந்த அம்மா கடைக்கு வந்து, தனக்கும் ஒரு மெஷின் போட்டுக் கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்து தைக்கிறேன் என்று கேட்டார். மாஸ்டர் கத்தரியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பொம்பள மெஷின்ல உக்காந்தா கஸ்டமர் வருவானா?"

பிளவுஸ் கடை, ஐயா. எங்கள் கஸ்டமரில் ஒருவன் கூட ஆண் இல்லை.

அந்த அம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் என்னவென்று இன்று வரை எனக்குத் தெரியாது. எட்டுப் பேர் இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் பேசவுமில்லை.

4

இனி ஓட்டைக் கப்பல். இது ஒரு ஆங்கிலத் தொடர். அதன் உண்மைப் பெயரைச் சரியாக எழுத எனக்கு வராது, எங்கள் வீட்டில் ஓட்டைக் கப்பல் என்றுதான் சொல்வோம். நட்சத்திரங்களுக்கு நடுவில் பழுதான கப்பல் ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அதில் குளிக்கும் தண்ணீருக்கு ஒரு பாய்லர். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அது சுடவே சுடாது. கப்பலில் இருப்பவர்கள் வெறுத்துப்போய், விளையாட்டுக்கு அதைச் சாமியாக்கிக் கும்பிட ஆரம்பிப்பார்கள். ஒரு காவலர் அங்கி போட்டுக்கொண்டு வேண்டுதல் படிப்பார். மற்றவர்கள் "கொதி! கொதி!" என்று கத்துவார்கள். கொதிக்காது. அவ்வளவுதான் கதை.

இதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு நாள் கூடி, அந்தப் பூசையை நடத்துகிறார்கள். ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றி அபிஷேகம், சோளப்பொரி பிரசாதம். சென்னையிலும் ஒரு குழு இருக்கிறது. அமுதா அதில் போன் வழியாகச் சேர்ந்தாள். அங்கே அவள் பெயர் 'சுடுதண்ணி', முகமோ சொந்தப் பெயரோ யாருக்கும் தெரியாது. இரண்டு வருடமாக வேண்டுதலை அவள்தான் எழுதி அனுப்பினாள். ஒவ்வொரு வருடமும் அங்கே யாரோ படிப்பார்கள். போன வருடம், நாங்கள் ஊருக்குப் போகும் சமயமாக இருந்ததால், எழுதுகிற சுடுதண்ணியே வந்து பூசாரியாக இருக்க வேண்டும் என்று குழுவில் எல்லாரும் கை தூக்கி முடிவு செய்தார்கள். அந்தச் செய்தியை என்னிடம் காட்டியபோது அவள் குதித்த குதியில் என் ஊசிப் பெட்டி கவிழ்ந்தது.

மூன்று வாரம் என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தடவும். "அருள்பாலிக்கணும்னா என்னப்பா?" "சந்நிதிக்கு எந்த ந?" எனக்கே தெரியாது, இருந்தாலும் கேட்பாள். நான் அங்கி தைத்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பேன். வயது ஏற ஏறப் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்ளும் ஊரில், என் பெண் மூன்று வாரம் என்னோடு தமிழில் சிரித்தாள்.

ஒரு நாள் காகிதத்திலிருந்து படித்தாள்: "பாய்லரே, நீ கொதிக்காததால்தான் உன்னை நம்புகிறோம். கொதித்திருந்தால் குளித்துவிட்டு உன்னை மறந்திருப்போம்."

நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். நானும் ஒரு வரி சொன்னேன்: "எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வரும் நேரமும் நீ அருள்தரும் நேரமும் ஒன்றே: நாளைக்கு." மந்தைவெளியில் குடத்தோடு நின்ற ஞாபகம். அதையும் எழுதிக்கொண்டாள்.

அங்கி பழுப்புத் துணியில். ஓரம் முழுக்கச் செம்பு நிறப் பைப்பிங், பார்த்தால் குழாய் ஓடுகிற மாதிரி. பக்கத்திலும் தோளிலும் உள்ளே நிறையத் துணி விட்டு, மூன்று தையல் போட்டேன். பிளவுஸ் தைத்த பழக்கம். உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம், சட்டை வருடக்கணக்கில் வரும். வளர்கிற பெண்ணுக்கு அப்படித்தான் தைக்க வேண்டும்.

5

ஊரில் நங்கநல்லூரில் அண்ணன் வீட்டில் தங்கினோம். வசந்தாவுக்கு விடுமுறை இல்லை, நானும் அமுதாவும்தான். இரண்டாம் நாள் அண்ணி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு நாளைக்குப் பூஜை ரூம் பக்கம் போகாதம்மா. பெரியப்பா கத்துவாரு" என்றார்.

"நான் மத்த நாள்லயும் போறதில்ல பெரியம்மா. கவலப்படாதீங்க."

கூடத்திலிருந்து அண்ணன் கேட்டுவிட்டான். "இன்னாடா வளத்து வெச்சிக்கினு கீற? சாமி இல்லன்னு சொல்லுது. பொட்டப்புள்ள வேற வேஷம் கட்டி ஆடப் போவுதாமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கும் சிரித்துவைத்தேன் என்று நினைக்கிறேன்.

மொட்டை மாடியில் அமுதாவிடம், "பெரியப்பா சொன்னத மனசுல வெச்சுக்காதம்மா" என்றேன்.

"இல்லப்பா. அவரு நம்புறாரு, நம்புறதச் செய்றாரு. சண்டை போட ஒண்ணுமில்ல. நாளைக்குப் பாரு. நாளைக்கு என் ஆளுங்க."

என் ஆளுங்க என்று அவள் சொன்ன முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழிக்கிறது.

6

அடையாறில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், மருந்துக்கடைக்கு மேலே ஒரு ஹால். வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு தம்பி பட்டியல் வைத்துக்கொண்டு நின்றான்.

"பேரு?"

"சுடுதண்ணி" என்றாள் அமுதா. அங்கி போட்டிருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ஐயோ அங்கிள், நீங்களா சுடுதண்ணி? செம எழுத்து அங்கிள் உங்களுது!"

தலை நரைத்தவன், ஆங்கிலம் தெரியாதவன், மகள் பை தூக்கி வந்தவன். என்னை நம்ப அவனுக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"நான்தான்" என்றாள் அமுதா.

கூட்டம் கூடிவிட்டது. நாற்பது பேர் இருப்பார்கள், அதில் ஆறேழு பெண்கள். முகமூடி, தகர வாள், தோளில் அட்டைக் குழாய். குழுவை நடத்துகிற சரண் வந்தான். கணினி வேலை பார்க்கிறவன், இருபத்து நான்கு வயது இருக்கும். நல்ல மரியாதையான பையன், அதையும் சொல்லவேண்டும். 'கடவுள் ஒரு கற்பனை' என்று சட்டையில் போட்டிருந்தான்.

"சுடுதண்ணி பொண்ணா? ஏய், சும்மா சொல்லாத. சரி, நாலாவது வருஷத்துல காட்டுற குழாய்ப் படத்துல எத்தன வால்வு?"

"பதினொண்ணு. ஒண்ண வரைஞ்சவன் பாதில மறந்துட்டான், அதனால பத்துன்னும் சொல்லலாம். உனக்கு எது வேணும்?"

"மச்சி, இவதான்டா!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மார்பு விரிந்தது. இன்னொருவன் விடவில்லை. "எழுதிக் குடுக்கறது உங்க அண்ணனா?" என்றான். அண்ணன் கிடையாது என்றாள், தன் பெயரையும் சொன்னாள்.

அப்போது சரண் கையைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அமுதா, ஒரு சின்ன விஷயம். சுடுதண்ணி பையன்னு நெனச்சுத்தான் முடிவு பண்ணோம். மூலக் கதையில பாய்லர் காவலர் எப்பவுமே ஆம்பளதான். ஒரு தடவகூடப் பொண்ணு வந்ததில்ல. கௌதம் படிக்கட்டும். நீ பிரசாதம் குடு. அதுவும் முக்கியமான ரோல்தான்."

அமுதாவுக்கு முதலில் வேடிக்கை என்று பட்டது போலிருக்கிறது. சிரித்தாள். பிறகு சிரிப்பு போனது.

"சாமியே இல்லன்னு சொல்ற பூஜை இது. இதுல ஆகமம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதுக்கில்ல. கதைன்னா கதைதான். நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

"கதையில சோளப்பொரி இல்ல. கதையில அடையாறு இல்ல. கௌதம் தமிழ்ல படிக்கப் போறான், கதையில தமிழ் இருக்கா?"

"ஜாலிக்குப் பண்றது அமுதா. இவ்ளோ சீரியஸா எடுத்துக்கிட்டா எப்படி?"

பின்னால் ஒரு பெண், "எழுதினவளே படிக்கட்டுமே" என்றாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றான் சரண், திரும்பிக்கூடப் பார்க்காமல். கௌதம் குண்டான, வெட்கப்படுகிற பையன். "எனக்கு எதுன்னாலும் ஓகே மச்சி" என்றான். என்னை மாதிரி ஒருவன்.

என் அண்ணனாவது முருகனுக்காக அவளைத் தள்ளிவைத்தான். இவர்கள் கொதிக்காத ஒரு தகர டப்பாவுக்காகத் தள்ளிவைத்தார்கள். இல்லாத சாமிக்குத் தீட்டு பார்க்கிறவனை என்னவென்று சொல்வது?

அமுதா அங்கியைக் கழற்றினாள். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்தாள். "பையில வைப்பா. கெளம்பலாம். மூஞ்சி கழுவிட்டு வரேன்" என்று போனாள்.

அவள் போனதும் சரண் என்னிடம் வந்து குனிந்தான். "அங்கிள், வேற லெவல்ல தச்சிருக்கீங்க. ஒரு ஹெல்ப். கௌதமுக்குத் தோள் டைட்டா வரும். கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா? எல்லாரும் வெயிட் பண்றாங்க."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பிரித்தேன்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. காசு கொடுக்கவில்லை. ஒருவன் கேட்டான், என் கை போனது. உள்ளே விட்டிருந்த துணி தாராளமாக இருந்தது. முதல் தையலைப் பிரித்தேன், இரண்டாவதைப் பிரித்தேன். கௌதம் கையைத் தூக்கி நின்றான். தோளில் பிடித்துப் பார்த்தேன், சரியாக உட்காருகிறதா என்று. அமுதா திரும்பி வரும்போது நான் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. என்ன பண்ற?"

"கேட்டாங்கம்மா" என்றேன்.

அவள் கத்தவில்லை. அழவுமில்லை. படியிறங்கிப் போய்விட்டாள்.

நானும் போயிருக்க வேண்டும். அங்கியைத் திரும்ப வாங்க வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கௌதம் படித்தான். குழுவுக்கு அவள் முன்பே அனுப்பியிருந்ததால் எல்லாம் அவன் போனில் இருந்தது. கொதிக்காததால்தான் நம்புகிறோம் என்ற இடத்தில் கைதட்டினார்கள். லாரித் தண்ணீர் வரி வந்தபோது ஹாலே ஆடியது. அந்த ஒரு நொடி, என் வரிக்கு இவ்வளவு சிரிப்பா என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அந்த நொடிக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசியில் சரண், "சுடுதண்ணிக்கு ஒரு பெரிய நன்றி" என்றான். கைதட்டினார்கள். அவள் கீழே மருந்துக்கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டோ வேளச்சேரி தாண்டியது. அமுதா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பசங்க மேல எனக்குக் கோவமில்ல. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்குக்கூடப் புரிந்துவிட்டது.

அண்ணனிடம் விஷயம் போனது. "நல்லதாப் போச்சு. அவனுங்களுக்காச்சும் புத்தி கீதே" என்றான். சாமி உண்டு என்பவனும் இல்லை என்பவர்களும் கைகுலுக்கிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது, பாருங்கள். என் மகளின் தலைக்கு மேலே.

7

திரும்பி வந்ததும் வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யூனிபார்மை மாற்றாமலே நின்று கேட்டாள். "அங்க நீங்க கஸ்டமர் வேலை பாக்கவா போனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அமுதா என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள், ஆங்கிலத்தில். பஸ் எத்தனை மணிக்கு, பால் இருக்கிறதா, அம்மா எப்போது வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். பிள்ளைகள் தமிழை விட்டுவிடுகிறார்கள் என்று இங்கே தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எல்லாப் பெற்றோரும் புலம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தைத் திட்டுகிறார்கள், டிவியைத் திட்டுகிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. என் வீட்டில் தமிழ் எந்த நாள், எந்த ஹாலில் போனது என்று எனக்குத் தெரியும்.

அங்கியை மறுபடி பிடித்துத் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னாள்.

போன வாரம் கடையில் இருக்கும்போது போன் வந்தது. சரண்.

"அங்கிள், நல்லா இருக்கீங்களா? அமுதா மெசேஜுக்கு ரிப்ளையே பண்ண மாட்டேங்கறா. இந்த வருஷ வேண்டுதல் வேணும் அங்கிள். போன வருஷம் மாதிரி யாராலயும் எழுத முடியல. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன். அப்புறம் அந்த அங்கியும், கூரியர்ல அனுப்பினா நாங்க பாத்துக்கறோம்."

அன்று சனிக்கிழமை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அமுதா கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, கை வேலையில் இருக்கும்போது அப்படித்தான் வைப்பேன்.

"மாட்டேன்" என்றேன்.

"என்னங்கிள்?"

"மாட்டேன் தம்பி. அங்கி தரமாட்டேன். எழுதச் சொல்லவும் மாட்டேன். எழுதறதும் எழுதாததும் அவ இஷ்டம்."

ஜிப் மாற்ற வந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சரண் உண்மையிலேயே புரியாமல் கேட்டான்: "ஏன் அங்கிள்? என்ன ஆச்சு? போன வருஷம் நீங்கதானே ஆல்டர் பண்ணிக் குடுத்தீங்க?"

அவன் சொன்னது உண்மைதானே. போனை வைத்துவிட்டேன்.

அமுதா சாப்பாட்டுப் பையைக் கவுன்டரில் வைத்தாள்.

"ரொம்ப லேட்டுப்பா" என்றாள். தமிழில்.

"ஆமாம்மா."

"ஏன்னு கேட்டான்ல? ஒண்ணும் சொல்லாம வெச்சுட்ட."

"என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியும், எனக்குச் சொல்ல வேணாம். அவனுக்குச் சொல்லு. அங்க இருந்த எல்லாருக்கும் சொல்லு." கதவு வரை போனவள் நின்றாள். "நீ பிரிச்சதையும் சேத்துச் சொல்லு."

ஏழு நாளாக எழுதுகிறேன். சரண், நீ ஏன் என்று கேட்டாய் அல்லவா, தம்பி? இதுதான்.

கார்க், ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 16